பேஜர் ஆபீஸ் சாந்தாமணி

கோயமுத்தூர் காந்திபுரத்தில் பேஜர் கம்பெனி திறந்த புதிதில் வேலைக்குச் சேர்ந்தவர்களில் கருமத்தம்பட்டி சாந்தாமணியும் ஒருத்தி. பேஜர் வைத்திருப்பவருக்குச் சேதி சொல்ல நினைப்பவர்கள் கம்பெனிக்குப் போன் செய்வார்கள். சாந்தாமணி அதைக் காதில் வாங்கிக் கம்ப்யூட்டரில் அடிப்பாள். சற்று நேரத்தில் எங்கோ ஒருவர் இடுப்பில் பேஜர் கீச்சென்று கத்தி அந்தச் சேதியைக் காட்டும். லாரி கிளம்பிவிட்டது, மாமியார் வந்திருக்கிறார், கோபப்படாதே, வீட்டுக்கு வா. இப்படி ஊரார் அந்தரங்கமெல்லாம் அவள் விரல் வழியாகப் போயிற்று. கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்று சேரும்போதே சொல்லியிருந்தார்கள். அவளும் சொன்னதில்லை. தறிச் சத்தத்தில் வளர்ந்தவள் ஏசி அறையில் உட்கார்ந்து சம்பாதிப்பதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

தொண்ணூற்றாறில் ஒரு மத்தியானம், பரிசோதனைக் கூடம் ஒன்றிலிருந்து டாக்டர் ஒருவருக்குச் சேதி வந்தது. கருமத்தம்பட்டி அங்கப்பனின் தொண்டைச் சதையைச் சோதித்ததில் புற்றுநோய் உறுதி, உடனே பேசவும்.

அடித்து அனுப்பிவிட்டாள். அடுத்த அழைப்பை எடுக்கக் கை வரவில்லை. அங்கப்பன் அவள் தெருக்காரர், சொந்தத் தறி ஓட்டுபவர். குரல் கம்மிப்போய்ப் போன வாரம்தான் கோயமுத்தூர் டாக்டரிடம் போய்வந்தார். அவர் மனைவி பூவாத்தாளும் சாந்தாமணியின் அம்மா பழனியாத்தாளும் சந்தைக்குச் சேர்ந்தே போகிறவர்கள்.

சாயங்காலம் மகளின் முகத்தைப் பார்த்ததுமே அம்மா கேட்டாள்.

"ஏங் கண்ணு, மேலுக்குச் சொகமில்லையா?"

சொல்லிவிட்டாள். துக்கம் தாங்காமல்தான் சொன்னாள். ஆனால் ஊரில் யாருக்கும் தெரியாதது தனக்குத் தெரியும் என்கிற ருசியும் அப்போது நாக்கில் இருந்தது. பின்னாளில் அவளை அதிகம் கூசவைத்தது அந்த ருசிதான்.

"யாருகிட்டயும் மூச்சு உட்ராதம்மா."

"நானெதுக்குச் சொல்றேன்?" என்றாள் பழனியாத்தாள். தன் தங்கச்சியிடம் மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலை தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி பூவாத்தாளின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "தைரியமா இருங்கக்கா, இப்பவெல்லாம் கேன்சருக்கு நல்ல வைத்தியம் இருக்குதுங்க." பூவாத்தாள் குடத்தை அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினாள். டாக்டர் அங்கப்பனை வரச்சொல்லியிருந்தது அதற்கும் அடுத்த நாள்.

அன்று வேலை முடிந்து சாந்தாமணி வந்த கொஞ்ச நேரத்தில் அங்கப்பனே வாசலுக்கு வந்துவிட்டார். திட்டப்போகிறார் என்று நினைத்துக்கொண்டே வெளியே வந்தாள். அவர் திட்டவில்லை. கம்மிய குரலில், டாக்டரிடம் கேட்பதுபோல் கேட்டார்.

"அம்மணி, அந்தச் சேதியில வேற என்ன போட்டிருந்துச்சு? பொழைப்பனா மாட்டனான்னு ஏதாச்சும் இருந்துச்சா?"

"அதெல்லாம் இல்லீங்க மாமா."

"மறைக்காத கண்ணு. எனக்கு முந்தி ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. எங்கிட்டச் சொல்றதுக்கென்ன?"

"நெசமா இல்லீங்க. தப்புப் பண்ணிப்போட்டனுங்க மாமா."

"செரி, செரி" என்று சொல்லிவிட்டு அவர் மெதுவாக நடந்து போனார். தெருவில் எல்லா வாசலிலும் ஆட்கள் நின்றிருந்தார்கள்.

மறுநாள் மேலாளர் லட்சுமிநாராயணனிடம் நடந்ததைச் சொல்லி, தன்னை வேலையைவிட்டு நீக்கச் சொன்னாள். அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"யாராச்சும் புகார் குடுத்தாங்களா? இல்லையில்ல? அப்ப நீங்களா வெளிய சொல்லாதீங்க. கம்பெனி பேரு கெட்டுப்போயிரும்."

தண்டனை கிடைத்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அந்த மாதக் கடைசியில் தானாகவே நின்றுவிட்டுத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குப் போனாள். பஸ்ஸில் அவள் வந்து உட்கார்ந்தால் பக்கத்துப் பெண்கள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

ஊரில் கரண்டு வைத்தியம் என்று சொல்கிற கதிர்வீச்சுச் சிகிச்சை பார்த்து அங்கப்பன் பிழைத்துவிட்டார். குரல் மட்டும் திரும்பவில்லை. வழியில் பார்த்தால் அவர் கையை உயர்த்திச் சிரிப்பார். அவளுக்குத்தான் நிமிர முடியாது. பூவாத்தாள் முகம் கொடுத்ததே இல்லை. சில வருஷம் கழித்து ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலை வாய்த்தபோது சாந்தாமணி மெல்லச் சொன்னாள்.

"அத்தை, என்னை மன்னிச்சிருங்க."

"நீ சொன்னது பொய்யா இருந்திருந்தா அன்னைக்கே திட்டித் தீத்துப்போட்டு மறந்திருப்பேன் அம்மணி. நெசமாப் போச்சே" என்றாள் பூவாத்தாள். "எங்கூட்டுக்காரரு தன்னோட உசுரு நெலவரத்த உங்கிட்ட வந்து கேட்டாரு பாரு, அதைத்தான் என்னால தாங்க முடியல."

பரிமாறுகிறவர் வந்து, "சாதம் போடட்டுங்களா?" என்று கேட்டார். சாந்தாமணி இலையைப் பார்த்தபடியே தலையசைத்தாள்.