இலைக்குக் கிளிப் போட்ட மிஸ்

சிவகௌரி மிஸ் காலமாகிவிட்டார். பளையிலிருந்து உரம் கொண்டுவந்த லொறிச் சாரதிதான் சொன்னார். மூட்டைகளை இறக்கி முடித்ததும் கடையைப் பூட்டினேன்.

கண்டாவளையில் என் உரக்கடைக்குப் பின்னால் உள்ள மிளகாய்த் தோட்டத்தில் அவர் செய்த ஆராய்ச்சி உங்களில் பலருக்குத் தெரியும். முதல்நாள் விடியக் காலமை வந்து, இலைகளில் சின்னக் கறுப்புக் கிளிப்புகளை மாட்டிக்கொண்டிருந்தார்.

“என்ன மிஸ், இலையைத் தோய்ச்சுக் காயப்போடுறியளோ?”

“ஓம் அண்ணை, நீங்கள் ஊத்தையாக்கி வைச்சிருக்கிறியள்.”

பிறகு விளக்கினார். கிளிப்புக்குள் இலை சற்று நேரம் இருட்டில் இருக்கும். அதன்பின் கையிலிருக்கும் கருவி அதன்மேல் வெளிச்சம் அடிக்கும். இலை திருப்பி விடும் மினுக்கத்தை வைத்து, வெயிலைப் பிடித்து உணவாக்கும் வேலையைக் குளிர் எவ்வளவு கெடுத்திருக்கிறது என்று அளக்கலாம். “பச்சையை நம்பாதேங்கோ. பசியோடயும் இலை பச்சையாய்த்தான் நிக்கும்” என்பார்.

மிளகாய்க் கன்று வளராமல் நின்றால் எங்கள் ஆட்களுக்கு உடனே யூரியாதான். ஒரு மார்கழியில் மழை விட்டு வாடைக்காற்று பிடித்த கிழமை, கடை நிறையச் சனம். மிஸ் கருவியோடு உள்ளே வந்தார்.

“ஒருத்தரும் இப்ப யூரியா போடாதேங்கோ. அடுப்பே எரியேல்லை, அரிசியைக் கொட்டி என்ன செய்யப்போறியள்?”

எனக்கு நல்ல கோபம். “மிஸ், என்ர கடைக்குள்ள நிண்டே இப்பிடிக் கதைக்கலாமோ?”

“வெளியில நிண்டு சொன்னால் உங்களுக்குக் கேக்காதே அண்ணை.”

சனம் சிரித்தது. பாதிப்பேர் வெறுங்கையோடு போனார்கள். வெயில் திரும்பி, இலை தேறிய பிறகு உரம் போட்ட அவர்களின் கன்றுகள் எழும்பின. அவசரப்பட்டவர்கள் மறுபடியும் யூரியா வாங்க வந்தார்கள். எனக்கு இரட்டை வியாபாரம்தான். ஆனால் விளைச்சல் இல்லாதவன் அடுத்த போகத்துக்கு என் கடைப்பக்கம் வரமாட்டான். அப்போதுதான் அது எனக்கு உறைத்தது.

செத்தவீட்டில், அவருடன் வேலை செய்த நளினி என்னிடம் வந்தார். “கருவி இருக்குது அண்ணை. காணி தருவியளோ எண்டுதான்...”

“மிஸ் அளந்துவந்த வேலை நிக்கக்கூடாது. வாங்கோ.”

குளிரிலும் பக்கத்துக் கடை யூரியா விற்கும், விற்கட்டும். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த அளக்கும் வேலையைத்தான். முற்றத்திலேயே பேசி முடித்தோம்: காணிக்கு வாடகை இல்லை, தண்ணீர் என்னுடையது. குளிர்நாள்களில் நளினி அளந்து கடைவாசலில் எழுதிப்போடுவார். இலை தேறிவிட்டது என்று அவர் எழுதும்வரை, மிளகாய்க்கு என் கடையில் யூரியா இல்லை.