கண்ணைக் காட்டப் போனோம், நெஞ்சைக் காட்டினாள்

தொண்ணூற்றாறு தை மாதம். உடுமலைப்பேட்டை பக்கம் கொப்பரைக் களத்தில் வேலை செய்த என் அப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்தது. வயது நாற்பத்தைந்துதான்.

என் பயம் கண்ணைப் பற்றியதல்ல. பெரியப்பாவுக்கும் இதே வயதில்தான் கண் மங்கியது. அடுத்த வருஷமே ஒரு மத்தியானம் களத்தில் சாய்ந்தார். என்ன நோய் என்றே தெரியாமல் அடக்கம் செய்தோம். இப்போது அப்பா சுவரைத் தடவித் தடவி வரும்போதெல்லாம் பெரியப்பாவே வருவது போலிருக்கும்.

ஆபரேஷன் செய்யலாமா என்று மாரியம்மனிடம் பூ கேட்டோம். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி அவள் முன்னால் போட்டோம்; வெள்ளை வந்தால் சம்மதம். கோயிலுக்கு வந்திருந்த ஒரு குழந்தை எடுத்துக் கொடுத்த பொட்டலத்தில் இருந்தது சிவப்பு அரளி.

"ஆத்தா வேண்டாங்கறா. உட்டுரு கண்ணு," என்றார் அப்பா.

எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். அந்தப் படிப்பு அன்று எதற்கும் உதவவில்லை. சன்னதியிலேயே உட்கார்ந்து அழுதேன். "தாயே, கண்ணைக்கூடக் கேக்கலை. பெரியப்பாவைக் கொண்டுபோனது எதுன்னு மட்டும் காட்டு."

"அறுக்க வேண்டாமுங்கப்பா, சும்மா பாத்துட்டு வரலாமுங்க" என்று கெஞ்சி, அப்பாவைக் கோயமுத்தூர் கூட்டிப் போனேன்.

கண் டாக்டரம்மா வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "ஏனுங்க, உங்க லென்ஸு அறுபது வயசுக்காரராட்ட இருக்குதுங்களே. இத்தனை சீக்கிரம் புரை விழுந்தா, ரத்தக்குழாயும் அப்படியே முத்தியிருக்கலாமுங்க. எல்லாருக்கும் அப்படியில்லை. ஆனா பாத்துடணும். நடந்தா நெஞ்சு அடைக்குதுங்களா?"

"அது வாயுங்கம்மா. ஒரு சோடா குடிச்சாப் போயிருமுங்க. இத்தனை படிச்சவிங்களுக்குச் சோடா தெரியாதுங்களா?" அப்பா சிரித்தார்.

பெரியப்பா கடைசியாகக் கேட்டதும் சோடாதான். வாங்க ஓடியவர் அப்பா. திரும்பி வந்தபோது குடிக்க ஆள் இல்லை.

அன்றே இ.சி.ஜி. எடுத்தார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். இருதயத்துக்குப் போகும் குழாயில் அடைப்பு. வைத்தியம் நடந்தது. பீடியை விட்டார். நெஞ்சு தேறிய பிறகு மறுபடி பூ கேட்டோம். வெள்ளை வந்தது. கண் ஆபரேஷனும் முடிந்தது.

கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்த அன்று, பெரியப்பா படத்தின் முன்னால் அப்பா வெகுநேரம் நின்றார். "எங்கண்ணனுக்கு மட்டும் ஆத்தா ஏன் காட்டலே?" என்றார்.

அதை நானும் அவளிடம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். இன்றும் யாராவது சோடா கேட்டால் திடுக்கிடுகிறேன். ஆனாலும் வெள்ளிதோறும் அவள் முன்னால் போய் நிற்கிறேன். அப்பா பக்கத்தில் நிற்கிறார். அது போதும் எனக்கு.

சின்ன வயதிலேயே கண் மங்கியவர் உங்கள் வீட்டில் இருந்தால், அவளைக் கும்பிட்டுவிட்டு நெஞ்சையும் காட்டிவிடுங்கள். சிவப்புப் பூ வந்தாலும் உடனே எழுந்துவிடாதீர்கள். உட்கார்ந்து, ஏன் என்று கேளுங்கள். எனக்குக் காட்டினாள்.