குழிக்கரையில் கழற்றிய செருப்பு

வார் அறுந்து ஊக்கு மாட்டிய ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. எங்கள் மேஸ்திரியுடையது. எந்தக் குழிக்குள் இறங்கினாலும் அதைக் கழற்றிக் கரையில் வைப்பார்; மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "தாயே, எறங்கறேன், ஏத்தி உட்டுடு" என்பார். அவ்வளவுதான் அவர் பூஜை.

நான் அதைக் கிண்டல் பண்ணாத நாள் கிடையாது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டுச் செங்கல் சுமக்க வந்தவன் நான். இன்றைக்குத் திருவேற்காட்டில் எந்தத் தெருவுக்குள் கூட்டிப்போனாலும், ஐ.டி. பிள்ளைகள் குடியிருக்கும் நான் கட்டிய கட்டடம் ஒன்றைக் காட்டுவேன். யார் தயவும் கிடையாது, சாமி தயவும் கிடையாது என்று என் கல்யாண மேடையிலேயே மைக் பிடித்துச் சொன்னவன். "இன்னா மேஸ்திரி, உன் சாமி வந்து மண்ணு அள்ளுதா?" என்பேன். "அது இன்னாத்துக்கு அள்ளணும் அண்ணாத்தே? நீ கீறியே, அள்ள மாட்டியா?" என்று சிரிப்பார்.

கரையான்சாவடி சைட்டில் தண்ணீர்த் தொட்டிக்குத் தோண்டிய குழி, ஆள் உயரத்தைத் தாண்டிவிட்டது. மட்டம் பார்க்க மேஸ்திரி இறங்கினார். மண் கொட்டி மேடாக்கிய பூமி. ஒரு பக்கம் சத்தமே இல்லாமல் சரிந்தது. எட்டிப் பார்த்தால் தலையும் ஒரு கையும்தான் வெளியே. அவர் மூச்சை விட விட மண் இறுக்குகிறது. திரும்ப இழுக்க நெஞ்சுக்கு இடமில்லை. ஜேசிபி டிரைவர் வண்டியைக் கிளப்பப் போனான். "நிறுத்துடா! வண்டி அதிர்ந்தா மிச்சமும் வந்துரும்!" என்று கத்தினேன். மண்வெட்டி போட்டால் அவர் உடம்பில் விழும். கையால்தான் ஆகணும். சென்ட்ரிங் பலகைகளை முட்டுக் கொடுக்கச் சொல்லிவிட்டு நானே குதித்தேன். அந்தப் பதற்றத்திலும் எனக்கு வேலை மறக்கவில்லை, அதைச் சொல்லிக்கொள்வேன்.

அள்ளுகிறேன், மண் திரும்பி வருகிறது. மேஸ்திரியின் உதடு கறுத்துவிட்டது. கூப்பிட்டால் பதில் இல்லை. தலைக்கு மேல் பலகை முனகுகிறது. யாரையாவது கூப்பிட வேண்டும் என்று நெஞ்சு முட்டுகிறது. எனக்கோ ஒரு சாமிப் பாட்டும் தெரியாது. ஊரையே அதட்டி வேலை வாங்கிய வாயில் கடைசியில் வந்தது அவருடைய வார்த்தைதான். "தாயே, எறங்கறேன், ஏத்தி உட்டுடு! ஏத்தி உட்டுடு தாயே!" நகம் பெயர்ந்ததுகூடத் தெரியாமல் அள்ளி அள்ளிக் கத்தினேன்.

மார்பு வரை மண் விலகியதும் மேஸ்திரி ஒரு மூச்சு இழுத்தார். ரம்பம் மரத்தை அறுப்பது போன்ற சத்தம். கண்ணைத் திறக்காமலே, "நீ எறங்கிட்டே, சரி... ஏத்த வேண்டியது என்னியத்தான்னு தாயாண்ட சொல்லு அண்ணாத்தே" என்றார். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது எனக்கு.

அவரைக் கயிறு கட்டி மேலே தூக்கி ஆம்புலன்ஸில் ஏற்றிய பிறகு பார்க்கிறேன்: ஊக்கு மாட்டிய செருப்புக்குப் பக்கத்தில் என் தோல் செருப்பு. எப்போது கழற்றினேன் என்று இன்றுவரை ஞாபகம் இல்லை.

இடுப்பு சரியில்லாமல் மேஸ்திரி இப்போது அண்ணனூரில் மகள் வீட்டோடு இருக்கிறார். என் சைட்டில் ஹெல்மெட் உண்டு, குழியைத் தாங்க இரும்புத் தகடு உண்டு. நான் செய்வதைத்தான் மற்ற பில்டரும் பார்த்துச் செய்கிறான். ஆனாலும் ஆள் இறங்குமுன் கரையில் நின்று செருப்பைக் கழற்றுவேன். "சார், ஆணி கிடக்கும், போட்டுக்கோங்க" என்பாள் என்ஜினீயர் பெண். "இரும்மா" என்பேன். "எம் பசங்க எறங்கறானுங்க, தாயே. எல்லாரையும் ஏத்தி உட்டுடு."

கடைசி ஆள் மேலே வரும்வரை என் செருப்பு கரையிலேயே கிடக்கும்.