தளபதியின் 91ஆம் பக்கம்

என் 1996ஆம் ஆண்டு டைரியில், பிப்ரவரி மாதத்தில் இப்படி ஒரு குறிப்பு இருக்கிறது: “சயா ஜேக்கப்பின் தளபதி. 91–92 தாளை எடுக்க உத்தரவு. எல்லாப் பிரதியிலும்.”

பர்மாவில், அலோன் ஊரில் காதர் பாய் நடத்திய அச்சகத்தில் நான் புரூஃப் பார்த்தேன். பைண்டிங்கும் என் பொறுப்பு. அப்போது அச்சடித்துக் கட்டிய சில பிரதிகளும் ராணுவ அரசின் தணிக்கைக்குப் போக வேண்டும். வேண்டாம் என்று சொன்ன பக்கத்தை அச்சகத்தாரே பிளேடால் வெட்டியெடுத்து ஒப்படைக்க வேண்டும்.

ஜேக்கப் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். ஆசிரியரைச் சயா என்பது பர்மிய வழக்கு; அவர் எல்லோருக்கும் சயா. பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரஷ்யத் தளபதி ஒருவரின் வரலாற்றைப் பல வருடம் தேடிப் படித்து, ‘தளபதி’ என்ற பெயரில் பர்மிய மொழியில் எழுதியிருந்தார். நெஞ்சுவலிக்காரர். இன்னொரு புத்தகத்துக்குத் தெம்பில்லை என்று அவரே சொல்லியிருந்தார்.

பக்கம் 90இல் எதிரியின் மாளிகை தளபதி வசமாகிறது. 91இல் அதைக் கொள்ளையடிக்க அரசன் ஆணையிடுகிறான், தளபதி மறுக்கிறார். 93இல் அவர் பதவி போகிறது. உத்தரவில் காரணம் சொல்லவில்லை. மேலிடத்துக்கு முடியாது என்று சொன்ன தளபதி என்பதால்தான் என்று நாங்களே புரிந்துகொண்டோம்.

முதல் பிரதியை வெட்டிச் சயாவிடம் கொடுத்தேன். 90ஐப் படித்தார். அடுத்து 93.

“தம்பி, இவன் திருடனாயிட்டானேப்பா! மாளிகைக்குள்ள போனான், வேலை போச்சு. படிக்கிறவன் வேற என்ன நினைப்பான்?”

“ஒரு தாள்தானே சயா,” என்றார் காதர் பாய். “ஒரு பல்லு விழுந்தா சிரிக்காமலா இருக்கோம்?”

“அப்ப 93ஐயும் வெட்டுங்க பாய்.”

“சொன்னதுக்கு மேல ஒரு தாள் குறைஞ்சாலும் அனுமதி செல்லாது. மெஷினுக்கு சீல் வெச்சிடுவாங்க. இங்க இருக்கிறவங்க சோத்துக்கு எங்க போவாங்க?”

“மொத்தத்தையும் எரிச்சிடுங்க. நான் எழுதவே இல்லைன்னு இருந்துக்கிறேன்.”

பாய் அவரைப் பார்க்காமல் என்னிடம் சொன்னார்: “நீ வெட்டுப்பா.”

வெட்டினேன். சயா என் மேஜையருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தாளைக்கூடக் கையில் எடுக்கவில்லை.

புத்தகம் கடைகளுக்குப் போனது. ஒரு நாள் நானும் சயாவும் டீக்கடையில் இருந்தபோது, அவருடைய பழைய மாணவர் ஒருவர் புத்தகத்தோடு வந்து நின்றார். “சயா, உங்க தளபதி பலே ஆளுதான்! அந்த மாளிகையில எவ்வளவு சுருட்டினான்?”

சுற்றிலும் ஆட்கள். வெட்டிய பக்கத்தைப் பற்றி அங்கே வாய் திறக்க முடியாது. சயா டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். அந்த மழைக்காலத்திலேயே இறந்துபோனார்.

வெட்டச் சொன்ன தாளை விட, அதற்குப் பின் மிஞ்சும் வரிகளைத்தான் முதலில் படிக்க வேண்டும் என்று அன்று கற்றேன். பிறகு வந்த புத்தகங்களை அப்படித்தான் படித்தேன். ஒன்றையும் காப்பாற்ற முடிந்ததில்லை.

தளபதி கொள்ளையடிக்க மறுக்கும் பக்கம் உள்ள பிரதிகள், தணிக்கைக்குக் கொடுத்தவை மட்டுமே. பத்து வருடம் கழித்து நாட்டின் தலைநகர் வேறு ஊருக்கு மாறியபோது, தணிக்கை அலுவலகத்தின் பழைய கோப்புகள் லாரிகளில் போனதாக ஒருவர் சொன்னார். அதற்கு முன்பே எரித்துவிட்டதாக இன்னொருவர் சொன்னார். எது உண்மை என்று என்னால் இதுவரை சரிபார்க்க முடியவில்லை.