யூசுப் கலக்கிய நீல மருந்து

2010, மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறு மணிக்குச் சிதம்பரத்தில் பேருந்து ஏறினேன். கூடப் படித்த யூசுப் குவைத்திலிருந்து திரும்பியிருந்தான். அண்ணாகிராமத்துப் பலாத்தோப்புக்கு அழைத்திருந்தான். நட்புக்காகப் போனேன் என்று எழுத ஆசைதான். போனது சுளைக்காக.

கடலூரில் வண்டி மாறி, இருபத்தைந்து கிலோமீட்டர், ஒன்பது ரூபாய் டிக்கெட்டில் பண்ருட்டி. ஷேர் ஆட்டோக்காரரிடம் இடத்தைச் சொன்னதும், "ஹாஜிராம்மா தோப்பா? அவுங்க பழம் ருசி ஜாஸ்தி சார், ஏறுங்க" என்றார். தோப்பு யூசுப்பின் பெயரில் இருக்கிறது. ஊர் அவன் மனைவி பெயரைச் சொல்கிறது!

ஒன்பதரை மணிக்குப் போய்ச் சேர்ந்தால், அங்கே சண்டை. யூசுப் இல்லாத மூன்று வருடமும் ஹாஜிரா யூரியாவை நிறுத்திவிட்டுச் சாணமும் சருகும் மட்டுமே போட்டிருக்கிறார். சருகுக்கடியில் வெள்ளை நூலாகப் பூஞ்சாணம் படர்ந்திருப்பதைப் பார்த்த யூசுப், வேரழுகல் என்று பயந்து, அதைக் கொல்ல நீல நிற மருந்தை ஒரு பீப்பாய் நிறையக் கலக்கிவிட்டான். ஹாஜிரா மரத்தை மறித்து நின்றார்.

"மச்சான், சருவ மக்க வைக்கிறதே இந்த நூலுதான். வேரோட சேந்து சத்து இழுத்துக் குடுக்குற நூலு வேற, அது கண்ணுக்கே தெரியாது. இத ஊத்துனா ரெண்டும் சாவும். மூணு வருசப் பாடு போயிரும்."

"அத்தா வச்ச மரம்டி! பட்டுப்போச்சுன்னா?"

"நீங்களே தோண்டிப் பாருங்க. வேரு அழுவியிருந்தா நானே ஊத்துறேன்."

யூசுப் உட்கார்ந்து தோண்டினான். மண்வெட்டி தேவைப்படவில்லை, கையே இறங்கியது. செம்மண் ஊரில் அப்படியொரு கறுப்பு மண்! சருகு மக்கி அதன் கரிச்சத்து மண்ணிலேயே தங்கியதால் வந்த நிறம் என்றார் ஹாஜிரா. வேர் கெட்டியாக இருந்தது, அழுகல் வாடையே இல்லை. வேலிக்கு அப்பால், யூரியா போடும் யூசுப்பின் அண்ணன் தோப்பில் மண் கடப்பாரை கேட்டது. ஹாஜிரா இரண்டு இடத்திலும் ஒவ்வொரு செம்பு தண்ணீர் ஊற்றினார். அங்கே குட்டையாக நின்றது. இங்கே ஊற்றிய சுவடே இல்லை.

பதினோரு மணிக்குக் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு இரண்டு தோப்புப் பழங்களையும் அறுத்தோம். அண்ணன் பழம் பெரிது, சுளை சப்பென்றிருந்தது. ஹாஜிராவின் பழம் தேன். மரத்துக்கு மரம் ருசி மாறும் என்று யூசுப் வாதாடினான். வாதாடிக்கொண்டே பதினேழு சுளை தின்றான்.

இரண்டு மணிக்குப் பழமும் கையுமாகக் கிளம்பினேன். சிதம்பரத்தில் நான் தினமும் கூட்டிக் கொளுத்தும் வேப்பஞ்சருகு நினைவுக்கு வந்து வெட்கமாயிருந்தது. யூசுப் பீப்பாய் பக்கத்தில் நின்று மனைவியைக் கேட்டான்: "இப்ப இத எங்கதான் ஊத்துறது?"

"எங்க வேணா ஊத்துங்க மச்சான், மண்ணு இல்லாத எடமாப் பாத்து."

யூசுப் சுற்றிலும் பார்த்தான். பிறகு பீப்பாயை இறுக மூடிவிட்டு, எனக்கு இன்னொரு பழம் பறிக்கப் போனான்.