நாத்தனாரின் கை

ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் பக்கத்தில் யாரோ ஒரு கையை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். வீங்கின கை. வளையல் இல்லை, மோதிரம் இல்லை. நர்ஸைக் கூப்பிட்டு, "இத எடுத்துட்டுப் போங்கம்மா, படுக்க இடமில்ல" என்றேன். அந்தப் பெண் என் வீட்டுக்காரரைப் பார்த்தாள். அவர் மின்விசிறியைப் பார்த்தார். பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் ரயில் பெட்டியையே கழற்றி மாட்டுகிற மனிதர், ஒரு கையை எடுத்து ஓரமாக வைக்கவில்லை.

முந்தின நாள் என் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தபோதே விழுந்துவிட்டேன். மூளையின் வலது பக்கம் ரத்த அடைப்பு. இடது கை விளங்காமல் போய்விட்டது. போன விஷயம் ஊருக்கெல்லாம் தெரிந்தது, எனக்கு மட்டும் தெரியவில்லை.

டாக்டர் வந்தார். "எங்க, ரெண்டு கையையும் சேத்துத் தட்டுங்க பாப்போம்" என்றார், எல்.கே.ஜி. பிள்ளையிடம் கேட்கிற குரலில். வலது கையைத் தூக்கி ஒரு வீசு வீசினேன்.

"தட்டிட்டேன்."

"சத்தம் வரலையேம்மா?"

"மொதல்ல உங்க காதக் காட்டிட்டு வாங்க டாக்டர்."

சத்தியமாகச் சொல்கிறேன், நான் தட்டினேன். உள்ளங்கைகள் மோதியது இன்னும் நினைவிருக்கிறது. கையை அசை என்று மூளை உத்தரவு போட்டதுமே வேலை முடிந்ததாக நம்பிவிடுமாம். உண்மையில் நடந்ததா என்று சரிபார்க்கிற இடத்தில்தான் எனக்கு அடைப்பாம். டாக்டர் பிற்பாடு விளக்கினார். நம் ஊர் அதிகாரிகள் பல பேருக்கும் அதே இடத்தில்தான் அடைப்பு போலிருக்கிறது.

"அப்ப இது யார் கை?" என்று டாக்டர் அந்த வீங்கின கையைத் தூக்கிக் காட்டினார்.

"என் நாத்தனாரோடது" என்றேன், யோசிக்காமல்.

நாத்தனார் என் வீட்டுக்காரரின் தங்கை. ஸ்ரீரங்கத்தில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பஸ் ஏறி வந்து, அடுப்பில் இருக்கிற என் சாம்பாரைத் திறந்து, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் உப்புப் போடுவாள். கடைசியில் அதிலேயே பெரிய வாய்த்தகராறாகி, எட்டு மாதமாகப் பேச்சு இல்லை. என் இடத்தில் கேட்காமல் நுழைகிற கை வேறு யாருடையதாக இருக்கும்?

டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். தினமும் பயிற்சி கொடுக்காவிட்டால் விரல்கள் மடங்கி இறுகிவிடும், அப்புறம் டைப் அடிக்கிறதை மறந்துவிட வேண்டியதுதான் என்று. பத்து விரலாலும் அடிக்கச் சொல்லித்தருவதுதான் என் பிழைப்பு, என் திமிர், எல்லாம். ஆனாலும் பிசியோதெரபிப் பெண் அந்தக் கையைத் தொட வந்தபோது, "அடுத்தவ கையத் தொட என்னை எதுக்கு கேக்குறீங்க? சொந்தக்காரியக் கேளுங்க" என்று விரட்டினேன். மூன்று நாள் இந்தக் கூத்து.

நாலாம் நாள் நாத்தனாரே வந்து நின்றாள்.

"வாம்மா. உன் கைய எடுத்துட்டுக் கெளம்பு."

வீட்டுக்காரர் காப்பி வாங்குகிற சாக்கில் நழுவிவிட்டார். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். என்னைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள்.

"ஆமா அண்ணி, என்னுதுதான். மறந்து வச்சுட்டுப் போயிட்டேன்" என்றாள். பிசியோப் பெண் பக்கம் திரும்பி, "என் கைக்கு என்ன பண்ணணும், சொல்லும்மா" என்றாள்.

சொந்தக்காரியே சம்மதித்த பிறகு நான் யார் தடுக்க? நாங்கள் பொன்மலை குவார்ட்டர்ஸுக்குத் திரும்பின பிறகும் தினமும் ஸ்ரீரங்கத்திலிருந்து வந்தாள், சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறி. விரலை ஒவ்வொன்றாக நீட்டுவாள், மடக்குவாள், மணிக்கட்டைத் திருப்புவாள். நான் பொட்டுக்கடலை கொறித்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பேன்.

"என் கை எவ்ளோ லட்சணமா இருக்கு பாத்தீங்களா அண்ணி?"

"சொரசொரன்னு இருக்கு. உன்னுதேதான்."

மூன்றாவது வாரம் ஒரு காலை, விழித்ததும் அந்தக் கையின் சுண்டுவிரலைப் பார்த்தேன். அரிவாள்மணை வெட்டின தழும்பு. என் தழும்பு, என் விரல், என் கை. அவமானம் பிடுங்கித் தின்றது. இத்தனை நாள் ஊரார் முன்னால் என்னவெல்லாம் உளறியிருக்கிறேன்! ஆனால் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அதைக்கூடக் கேட்டுத் தொலைக்கலாம். தன் கை இல்லை என்று ஆனபின் அவள் எதற்கு வருவாள்? அந்தப் பயம்தான் பெரிசாக இருந்தது.

அதனால் அது அவள் கையாகவே இருந்தது. அவள் மடக்கும்போது இப்போது வலியில் உயிர் போனது. பொட்டுக்கடலையை மெல்லாமல் பல்லைக் கடித்தேன்.

தழும்பைப் பார்த்த ஐந்தாம் நாள், அவள் தன் ஆள்காட்டி விரலை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கப் போகும்போது, என் விரல்கள் மெல்ல அதைச் சுற்றிக்கொண்டன.

"யாரு அசைச்சது?" என்றாள்.

"உன் கை. நீதான் அசைச்சிருப்பே."

"போதும் அண்ணி நடிப்பு. அஞ்சு நாளா பாக்குறேன். என் கை வலிச்சா உங்க கண்ணுல ஏன் தண்ணி வருது?"

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவளும் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு எழுந்திருக்கப் பார்த்தாள். அவள் விரல் என் பிடியிலிருந்து வரவில்லை.

"விடுங்க அண்ணி, பஸ்ஸு போயிடும்."

"விடமாட்டேன்" என்றேன். "நான்தான் பிடிச்சிருக்கேன்."