பாடம் செய்த வான்கோழி

துபாயிலிருந்து மகன் விடுமுறைக்கு வர இரண்டே நாள் இருந்தது. அவனுக்காக நான் பஞ்சடைத்துப் பாடம் செய்து வைத்திருந்த வான்கோழி நாறத் தொடங்கியது. ராஜா என்று பெயர் வைத்து, கிறிஸ்துமஸுக்குக்கூட அறுக்கவிடாமல் அவன் வளர்த்த பறவை; அவன் ஊரில் இல்லாதபோது செத்துப்போனது.

“தூக்கிப் போடுங்க. இந்த நாத்தத்துல பிள்ளை எப்படிச் சாப்பிடுவான்?” என்றாள் மனைவி.

வாலடியில் இறகுக்கு எண்ணெய் தரும் சுரப்பியை எடுக்க மறந்திருந்தேன். தோல் கிழிந்தால் வால் கையோடு வந்துவிடும். மூச்சைப் பிடித்துக்கொண்டு தையலைப் பிரித்தேன். சுரப்பியை வெட்டி எடுத்து, கொழுப்பைச் சுரண்டி, தோல் கெடாமலிருக்க வெண்காரம் தடவினேன். அடைமழை என்பதால் மின்விசிறியில் உலர்த்தினேன். நாற்றம் போயிற்று.

மகன் வந்ததும் இறகில் முகம் புதைத்தான். நான் அவன் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ராஜாவோட வாசனையே இல்லையேப்பா,” என்றான்.

அவன் அதைத்தான் தேடி வருவான் என்று எனக்குத் தோன்றவே இல்லை.